பறங்கி நோயும் பச்சிளங் குழவியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்னிறுத்திய ஒரு நோயறி வரலாறு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் பெயர்களிலிருந்தே தொடங்குகின்றது. ஒரு மக்கட் கூட்டத்தார் தமக்கு வந்த துன்பத்திற்கு எப்பெயரை இட்டனர் என்பதைக் கொண்டு, அத்துன்பம் எவ்வழி வந்ததென அவர்கள் கருதினர் என்பதையும், அதன் பழியை யார்மீது சுமத்தினர் என்பதையும் அறிந்துகொள்ளலாம். ஈழநாட்டில் ‘பறங்கி’ என வழங்கிய நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அப்பெயர் விளைத்த மயக்கம், கருவறையிலேயே நோயுற்றுப் பிறக்கும் குழவியைக் கண்டறியும் முயற்சியுடன் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. மயக்கம் முற்றாகத் தெளிய ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

பெயரும் பழியும்

ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், 1495ஆம் ஆண்டளவில், நாப்போலி நகரை முற்றுகையிட்ட படைகளிடையே ஒரு கொடுநோய் வெடித்துப் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர்; பிரெஞ்சுக்காரர் நாப்போலி நோய் என்றனர். ஒவ்வோரினத்தாரும் அதனை அயலவரது நோயெனவே அழைத்தனர். 1530ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரும் புலவருமாகிய பிராகஸ்தோரோ இயற்றிய இலத்தீன் காவியமொன்றிற் சிபிலிசு எனும் பெயர் முதன்முதலாகத் தோன்றிற்று. அப்பெயர் மருத்துவ உலகில் நிலைபெறப் பின்னும் நெடுங்காலம் சென்றது.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர் போர்த்துக்கேயரின் கப்பல்களோடு இந்நோயும் இந்தியக் கரைகளை வந்தடைந்ததெனக் கருதப்படுகின்றது. வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம், பதினாறாம் நூற்றாண்டில், இதனைப் ‘பிரங்க ரோகம்’ எனக் குறித்தது. பழைய ஆயுர்வேத நூல்கள் கூறாத இந்நோய்க்கு அந்நியரின் பெயரையே இட்டமை, அது புதிதாக வந்ததென்ற உணர்வு அக்காலத்தில் இருந்தமையைப் புலப்படுத்தும். இந்நோய்க்கு மருந்தெனச் சீனத்திலிருந்து வந்த கிழங்கைப் பற்றிக் கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதினார். தமிழ் வைத்தியர் அக்கிழங்கைப் பறங்கிப்பட்டை என்றனர். சூரணங்களிலும் இலேகியங்களிலும் அது இன்றும் இடம்பெறுவதால், நோயின் வருகை மருந்தின் பெயரிற் பதிவாகி நிற்கின்றது எனலாம்.

யாழ்ப்பாண இராச்சியம் 1560இற் போர்த்துக்கேயரின் படையெடுப்பைச் சந்தித்து, 1619இல் அவர்தம் ஆட்சிக்குட்பட்டது. அதற்கு முற்பட்ட மரபில் வேரூன்றிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் குடாநாட்டின் மருத்துவச் செல்வங்களாகும். பரராசசேகரத்தின் பாலரோக நிதானம் எனும் பகுதி குழந்தைகளுக்குரிய நோய்களைத் தனியே எடுத்தாராய்கின்றது. குழந்தையின் நோயைத் தனித்துறையாகக் கொள்ளும் நோக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும். எனினும், தாயின் நோய் கருவிலுள்ள குழவியைச் சென்றடையும் வழியைக் கண்டறிதற்கு வேண்டிய கருவிகள் அக்கால உலகில் எங்கும் இருந்தில.

‘பறங்கி’ என்னும் சொல் ஈழத்தில் மற்றொரு திசையிலும் சென்றது. குழந்தைப் பருவத்திற் கால்களிலும் முகத்திலும் புடைத்தெழும் புண்களாகத் தோன்றி, நாட்பட எலும்பை அரித்து உடலை முடமாக்கும் ஒரு நோய் வன்னியின் காட்டூர்களிலும் உலர்வலயக் கிராமங்களிலும் மிகுந்திருந்தது. மேலைநாட்டார் யோஸ் என வழங்கும் இதனை, ஈழத்தில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே பறங்கி என்றனர். இது பாலுறவினாற் பரவுவதன்று. வறுமையும் நெருக்கடியும் நீர்த்தட்டுப்பாடும் உள்ளவிடத்தே தோலொடு தோல் உரசுவதாற் பரவுவது. ஆயினும், பெயரொன்றானமையாற் பழியும் ஒன்றாயிற்று. காட்டூர்ச் சிறுவனின் காற்புண்ணுக்கும் துறைமுக நகரின் ஒழுக்கக் கேட்டிற்கும் தொடர்பிருப்பதாக ஒரு கருத்து நிலவ அப்பெயரே இடந்தந்தது.

மருத்துவமனைகளின் காலம்

குடாநாட்டில் மேலைமருத்துவம் அமெரிக்க மிசனரிமாரின் வருகையோடு காலூன்றிற்று. மருத்துவர் யோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து, பண்டத்தரிப்பிற் பணியாற்றி, 1836இற் சென்னைக்குச் சென்றார். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வட்டுக்கோட்டையிலும், பின்னர் மானிப்பாயிலும் தங்கி, உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தல் வேண்டுமென அவர் கொண்ட உறுதி ஈழத்துக் கல்வி வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் நூல்கள் அவரது முயற்சியால் தமிழாகின. அவற்றுள் 1857இல் வெளிவந்த பிரசவ வைத்திய நூலும் ஒன்றாகும். 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் தோன்றிய வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கமாகும். 1898இல் இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை மகளிர்க்கென நிறுவப்பட்டது. ஆடவர் மருத்துவரை நாடக் கூசிய குலமகளிர் பெண் மருத்துவரிடத்தே வரத் தலைப்பட்டனர். ஸ்கொத்லாந்திலிருந்து வந்த மருத்துவர் இசபெலா கேர் அங்கு நீண்டகாலம் பணியாற்றினார். கருவுற்ற தாய் மருத்துவமனையின் வாயிலுக்குள் வருதல் என்னும் இச்சமூக மாற்றம் நிகழ்ந்திராவிடிற் பின்வந்த எந்தச் சோதனையும் குடாநாட்டிற் பயன்பட்டிராது.

அக்கால மருத்துவன் பிறவிச் சிபிலிசைக் கண்ணாற் கண்டே அறிய வேண்டியிருந்தான். மூக்கில் ஓயாத சளியொழுக்கு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள், வீங்கிய ஈரல், முதியோர் போலச் சுருங்கிய முகம் என்பன குறிகளாயின. இங்கிலாந்தின் யொனத்தன் ஹச்சின்சன், பிறவியில் நோயுற்ற பிள்ளைகளின் முன்பற்கள் குறுகி விளிம்பு வெட்டுண்டிருத்தலை 1858இல் எடுத்துக்காட்டினார். அதனுடன் கருவிழி அழற்சியும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து பிற்காலத்தில் ஹச்சின்சனின் முக்குறிகள் எனப் பெயர்பெற்றன. ஆயின், நிலையான பற்கள் முளைக்கும் வயதில் ஒரு நோயை அறிதல் நோயை அறிதலன்று. அது விட்டுச்சென்ற அழிவை அறிதலேயாகும். மேலும், நோயுற்ற தாயருக்குப் பிறக்கும் குழவிகளுட் பெரும்பாலானவை பிறந்த பொழுதில் எக்குறியும் காட்டுவதில்லை. இதே ஹச்சின்சன் பறங்கியும் சிபிலிசும் ஒரே நோயென வாதிட்டவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பிறவி நோயைக் கூர்ந்து கண்டவருக்கே இவ்வேறுபாடு புலப்படவில்லையெனில், கண்ணறிவின் எல்லை எத்தகையது என்பது தெளிவாகும். இலங்கையின் முதன்மைக் குடிசார் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1881இற் பறங்கி நோய் பற்றித் தனியறிக்கை சமர்ப்பிக்க நேர்ந்தமை, இவ்வினா ஆட்சியாளரையும் உறுத்தியமையைக் காட்டுகின்றது.

1905: இரு கண்டுபிடிப்புக்கள்

1905ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். அவ்வாண்டின் மார்ச்சு மாதம் பேர்லின் நகரிற் சௌடின், ஹொவ்மன் என்னும் இருவர் சிபிலிசுப் புண்ணில் நெளிந்து செல்லும் மெல்லிய சுருளுயிரியை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். அதே ஆண்டிற் கொழும்பிலிருந்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெலானி, பறங்கிப் புண்ணிலும் ஏறக்குறைய அதே தோற்றமுடைய சுருளுயிரியைக் கண்டறிந்தார். உலக மருத்துவத்திற்கு இலங்கையிலிருந்து கிடைத்த பெருங்கொடைகளுள் இஃதொன்று. அவ்வாண்டுத் தொடக்கத்திலேதான் லெனாட் வுல்வ் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயிலுநர் உத்தியோகத்தராக வந்துசேர்ந்தார். 1913இல் வெளியான அவரது இலங்கை நாவலின் காட்டூர் மாந்தர் வாழ்விற் பறங்கிநோயும் இடம்பெறுகின்றது.

காரணம் கண்டறியப்பட்டும் மயக்கம் தீரவில்லை, புதுவடிவம் எடுத்தது. 1906இல் வாசர்மன் குழுவினர் குருதிச் சோதனையை வகுத்தனர். 1946இல் வி.டி.ஆர்.எல். எனப்படும் எளிய சோதனை வந்தது. இச்சோதனைகள் நோயுயிரியைக் காண்பதில்லை. அவ்வுயிரியின் தாக்கத்திற்கு உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையே காண்கின்றன. சிபிலிசுக்கும் பறங்கிக்கும் உடல் தரும் விடை ஒன்றே. ஆகவே, சிறுமியாயிருந்த காலத்திற் காற்புண்ணாகப் பறங்கி வந்து மாறிய வன்னிப் பெண்ணொருத்தி, தாய்மையுற்று யாழ்ப்பாணத்து மருத்துவமனையொன்றிற் குருதி கொடுப்பின், அவளுக்கும் சோதனை நேர்விடையே காட்டக்கூடும். அவள்தன் ஒழுக்கத்தின்மீது, அவள் செய்யாத ஒன்றிற்காக, ஐயம் விழும். பெயர்க்குழப்பமாகத் தொடங்கியது ஆய்வுகூடத் தாளில் ஏறிக் குடும்பத்தின் அமைதியைக் குலைக்கவல்லதாயிற்று. மேலும், சிபிலிசே உற்ற மனைவியருட் பலர் கணவர் வாயிலாகவே அதனைப் பெற்றனர். ஆயினும் சோதனைக்குட்பட்டவள் அவளாகையாற் பழியும் அவள்மீதே வீழ்ந்தது. நாணமும் அச்சமும் ஒரு தாயைச் சோதனையிலிருந்து விலக்குமாயின், அதன் விலையைக் குழவியே இறுக்கின்றது.

குழவியின் குருதியில் யாருடைய சாட்சி?

பிறந்த குழவியிடத்துச் சிக்கல் இன்னும் ஆழமானது. தாயின் பிறபொருளெதிரிகளுள் ஐ.ஜி.ஜி. எனும் வகை சூல்வித்தகத்தைக் கடந்து குழவியின் குருதியிற் கலக்கின்றது. தாய் முன்னரே மருந்துண்டு முற்றாகக் குணமடைந்திருப்பினும் அவளது பழைய எதிரிகள் குழவியிடம் சென்றுசேரும். எனவே குழவியின் குருதி நேர்விடை காட்டும்போது, அது குழவியின் நோய்க்குச் சாட்சியா, தாயின் கடந்தகாலத்திற்குச் சாட்சியா என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. தாயின் அளவைவிடக் குழவியின் வி.டி.ஆர்.எல். அளவு நான்குமடங்கோ அதற்கு மேலோ இருப்பின் நோய் எனத் துணியலாம். ஆனால் நோயுற்ற குழவிகள் பலவற்றில் அவ்வளவு உயர்வதில்லை. ஐ.ஜி.எம். எனும் வகை சூல்வித்தகத்தைக் கடவாதாகையால் அதனைக் காணல் ஒரு வழியாயிற்று. இன்றேற் குழவி பதினைந்து, பதினெட்டு மாதம் வளரும்வரை காத்திருந்து, தாயின் எதிரிகள் மறைந்தனவா எனப் பார்த்தல் வேண்டும். காத்திருக்கும் காலத்தில் நோய் மூளையையும் எலும்பையும் பற்றக்கூடும்.

நோயுயிரியையே நேரிற் கண்டால் இவ்வையம் தீரும். ஆயின், அது பற்றீரியாக்களுள் மிகப் பிடிவாதமானது. ஏனைய நுண்ணுயிர்களைப் போல ஆய்வுகூட ஊடகத்தில் வளராது. ஆகவே குழவியின் குருதியையோ முண்ணாண் பாய்பொருளையோ முயலின் உடலிற் செலுத்தி, மாதக்கணக்கிற் காத்திருந்து, முயல் நோயுறுகின்றதா எனப் பார்க்கும் முறையே நீண்டகாலம் அளவுகோலாக விளங்கிற்று. அத்தகைய வசதி உலகின் மிகச் சில ஆய்வுகூடங்களுக்கே உரியதாயிருந்தது. செயற்கை ஊடகத்தில் நெடுநாள் வளர்க்கும் முறை 2018ஆம் ஆண்டிலேதான் கைகூடிற்று.

மூலக்கூற்று முறை இங்கேதான் நுழைகின்றது. உயிரியின் டி.என்.ஏ. எனப்படும் பரம்பரைப் பொருளின் ஒரு சிறு துண்டைக் கோடிக்கணக்கிற் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். எனும் உத்தி 1980களில் உருவாயிற்று. 1991இல் அமெரிக்க ஆய்வாளர், சிபிலிசு உயிரியின் 47 கிலோடால்டன் புரதத்திற்குரிய பரம்பரையலகை இலக்காகக் கொண்டு, மிகச் சில உயிரிகள் இருப்பினும் கண்டறியலாமெனக் காட்டினர். அவ்வாண்டிலேயே பனிக்குட நீர், குழவியின் குருதிப்பாயம், முண்ணாண் பாய்பொருள் ஆகியவற்றில் இம்முறை முயற் சோதனையோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது. 1998இல் உயிரியின் பரம்பரைத் தொகுதி முழுவதும், ஏறத்தாழ 11.4 இலட்சம் மூல இணைகளுடன், வாசிக்கப்பட்டது. 2002இல் டலஸ் நகர ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, குழவியின் மூளையை நோய் பற்றியுள்ளதா என்பதை முன்னறிவதற்குக் குருதியிற் செய்யும் பி.சி.ஆர்., ஐ.ஜி.எம். சோதனைகள் சிறந்த துணையாவதை நிறுவிற்று.

இம்முறையின் சிறப்பு அதன் நுண்மை மட்டுமன்று. பிறபொருளெதிரி தாயிடமிருந்து குழவிக்கு வரலாம். ஆனாற் குழவியின் உடலிற் காணப்படும் உயிரியின் டி.என்.ஏ. அதன் நோய்க்கே நேர்ச்சாட்சியாகும். தாயின் கடந்தகாலத்தை வினவாமற் குழவியின் நிகழ்காலத்தை அறியும் வழி முதன்முறையாகத் திறந்தது. மற்றொன்றும் நிகழ்ந்தது: சிபிலிசு உயிரியும் பறங்கி உயிரியும் தம் பரம்பரைத் தொகுதியில் 0.2 சதவீதத்திற்கும் குறைவாகவே வேறுபடுகின்றன என்பதும், அச்சிறு வேறுபாடுகளைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம் என்பதும் தெளிவாயின. கின்சியின் அறிக்கையும் ஹச்சின்சனின் வாதமும் தீர்க்கவியலாத வழக்கிற்கு மூலக்கூறு தீர்ப்பளித்தது.

இதன் எல்லையையும் கூறுதல் முறையாகும். குழவியின் குருதியில் உயிரிகள் மிகச் சிலவாயிருக்கலாமாகையால், எதிர்விடை கிடைத்தவிடத்து நோயில்லையெனத் துணிதல் கூடாது. புண்ணின் கசிவு, மூக்கொழுக்கு, சூல்வித்தகத் துண்டு ஆகியவற்றிலே அது சிறப்பாகப் பயன்படுகின்றது. ஆகவே பி.சி.ஆர். பழைய சோதனைகளை நீக்க வந்ததன்று. அவற்றின் ஐயங்களைத் தீர்க்க வந்ததெனலே பொருந்தும்.

மருத்துவிச்சியின் வெற்றி

இவ்விடத்து ஒரு முரண் நோக்கத்தக்கது. மூலக்கூற்று முறை மேலை ஆய்வுகூடங்களில் வளர்ந்த காலத்தில், இலங்கை அதனைப் பெரிதும் சாராமலேயே இந்நோயை வென்றது. 1926இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதார அலகு முறையும், அதன்வழி ஊர்தோறும் பரவிய பொதுச் சுகாதார மருத்துவிச்சியர் சேவையும் கருவுற்ற தாயைத் தேடி வீட்டு வாயிலுக்கே சென்றன. 1943இற் சிபிலிசுக்குப் பயன்படுமென நிறுவப்பட்ட பெனிசிலின், குணப்படுத்தலை எளிதாக்கிற்று. 1950களிற் பால்வினைநோய்த் தடுப்பு இயக்கம் நாட்டில் உருவானது. கருக்காலத் தொடக்கத்தில் ஒரு வி.டி.ஆர்.எல். சோதனை, நேர்விடையாயின் உறுதிச் சோதனை, நோயெனில் மகப்பேற்றிற்குக் குறைந்தது முப்பது நாள் முன்பதாகப் பெனிசிலின் ஊசி என்பதே முறை. மருந்தேற்றப்படாத சிபிலிசுக் கருப்பங்களுட் பாதிக்கு மேற்பட்டவை கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறவி நோய் முதலிய கேடுகளில் முடியும் என்பதை நோக்க, இந்த எளிய ஒழுங்கின் பெருமை விளங்கும்.

2019ஆம் ஆண்டு திசெம்பரில், தாயிடமிருந்து குழவிக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுதலை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை உறுதிப்படுத்திற்று. கியூபா 2015இலும், தாய்லாந்து 2016இலும் இதனைப் பெற்றிருந்தன. ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு ஐம்பதுக்கு மேற்படாத பிறவிச் சிபிலிசு, கருவுற்றோருள் 95 சதவீதத்தினருக்குக் குறையாமற் பராமரிப்பும் சோதனையும், நோயுற்றோருள் அதேயளவினர்க்கு மருந்து என்பன நிபந்தனைகள். மிகப் பின்தங்கிய நிருவாக அலகொன்றிலேனும் இவை எய்தப்பட்டிருத்தல் வேண்டுமென்பதும் விதியாகும். 1983 முதல் 2009 வரை போரினாலும், 1995ஆம் ஆண்டின் வலிகாம இடப்பெயர்வு போன்ற பேரவலங்களாலும் சிதைந்த வடபுலத்தை உள்ளடக்கிய நாடு இதனை எய்தியமை, தாய்சேய் நலச் சேவையின் வேர் எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்று.

அங்ஙனமாயின், மூலக்கூற்றுச் சோதனை இம்மண்ணுக்கு வேண்டாததா என வினவலாம். விடை எதிர்பார்ப்பிற்கு மாறானது. நோய் மிகுந்திருந்த காலத்தில் நேர்விடை காட்டிய சோதனை பெரும்பாலும் உண்மையே கூறிற்று. நோய் அருகிய காலத்திற் பொய்விடைகளின் பங்கு கூடுகின்றது; பழைய நோயின் எச்சமும் பிறநோயின் சாயலும் புதுநோய் போலத் தோன்றுகின்றன. பிறவிச் சிபிலிசை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராத இளமருத்துவர், ஐயத்திற்கிடமான குழவியொன்றின் முன் நிற்க நேரும். பத்துநாள் ஊசி மருந்தை வீணே ஏற்றுவதா, ஏற்றாது விட்டுக் குழவியை இழப்பதா என்ற இரண்டகநிலையில், உயிரியையே காட்டவல்ல சோதனை அவருக்கு வழிகாட்டும். நோய் மீளாதென இருத்தலும் பேதைமை. 2016இல் உலகெங்கும் ஏறத்தாழ 6,61,000 பிறவிச் சிபிலிசு நிகழ்வுகள் ஏற்பட்டனவென மதிப்பிடப்பட்டது. செல்வமும் ஆய்வுகூடங்களும் நிறைந்த ஐக்கிய அமெரிக்காவில் 2012இல் ஏறத்தாழ 335ஆக இருந்த எண்ணிக்கை 2022இல் 3,700ஐக் கடந்தது. பி.சி.ஆர். முறை பிறந்த நாட்டிலேயே அது மீண்டமைக்குக் காரணம் அறிவுக்குறை அன்று; பல தாயர் உரிய காலத்திற் சோதிக்கப்படவும் மருந்து பெறவும் இல்லாமையேயாம்.

எனவே இருவேறு அறிவுகள் இங்கே ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. மருத்துவிச்சி தாயின் வாயிலைத் தட்டாவிடின் மூலக்கூற்றுச் சோதனைக்குக் குழவி கிட்டாது. மூலக்கூற்றுச் சோதனை இல்லாவிடின் கிட்டிய குழவியின் ஐயம் தீராது. இவ்விரண்டையும் பயனற்றதாக்கவல்லது ஒன்றே: நோயைக் குற்றமாகவும் தாயைக் குற்றவாளியாகவும் காணும் மனப்பாங்கு. யாழ்ப்பாண நகரிற் பறங்கித்தெரு எனும் பெயர் இன்று எவரையும் புண்படுத்தாத இடப்பெயராகிவிட்டது. பறங்கிப்பட்டையும் வெறும் மருந்துப் பெயராகிவிட்டது. சிபிலிசு என்னும் பெயரும் அவ்வாறு பழி நீங்கி, ஒரு நோயின் பெயராக மட்டும் நிற்கும் நாளில், தாயர் அஞ்சாது கை நீட்டிக் குருதி கொடுப்பர். நானூற்றைம்பது ஆண்டுக் குழப்பத்தை ஆய்வுகூடம் தீர்த்துவிட்டது; சமூகத்தின் பங்கு இன்னும் எஞ்சியுள்ளது.